இரண்டு கிணறுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். கடலோரத்தின் வளைவு நெளிவை அளக்கும் ஃபிராக்டல் கணக்கை வைத்தே பூமிக்கு அடியில் இருக்கும் பாறையையும் கணிக்கிறார்கள் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள், எனக்கு ரொம்ப சந்தோஷம். இருபது வருஷத்துக்கு மேல் நான் செய்த வேலை அது, சோறு போட்ட வேலை. அதனால் இந்த முறை வேறு கேள்விகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஐயா, நான் எம்.எஸ்சி. ஜியாலஜி படிக்கிறேன். கடற்கரையின் நீளத்துக்கும் எண்ணெய் வயலுக்கும் என்ன சம்பந்தம்? செமினாரில் இதைத்தான் பேசப் போகிறேன், கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். (மாணவி, காட்பாடி)

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். எண்ணெய் பூமிக்கு அடியில் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. பாறையின் துளைகளுக்குள் இருக்கிறது. பாலாற்று மணலை ஒரு வாளி நிறைய அள்ளி வைத்து மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள், வாளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலேயே தண்ணீர் இறங்கும். அந்த மணல் பல கோடி ஆண்டு அழுந்தி இறுகிக் கல்லாகிவிட்டால் இடம் குறையும், நல்ல மணற்பாறை என்றால் 10 முதல் 30 சதவீதம் வரை மிஞ்சும். இது நுண்துளை அளவு. ஆனால் இடம் இருந்தால் மட்டும் போதாது, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு வழி இருக்க வேண்டும், அதுதான் ஊடுருவு திறன். 1856-இல் பிரான்ஸின் திஜோன் நகரத்துக் குடிநீர் வேலையின்போது மணல் வழியாகத் தண்ணீர் போகும் வேகத்தை அளந்தாரே ஹென்றி டார்சி, அவர் பெயரில்தான் இதன் அலகே இருக்கிறது. நுண்துளை அளவு ஒன்றுக்கு இரண்டு மடங்கு மாறினால் ஊடுருவு திறன் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மாறும். நம் தலைவலி முழுக்க இங்கேதான்.

இப்போது கிணற்றுக்கு வாருங்கள். எண்ணெய் அடுக்கைத் தொடும் இடத்தில் கிணற்றின் அகலம் பெரும்பாலும் எட்டரை அங்குலம். அடுத்த கிணறு அரை கிலோமீட்டர் தள்ளி. கிணற்றுக்குள் கருவியை இறக்கி அரை அடிக்கு ஒரு தடவை பாறையை அளக்கிறோம், அதை லாக் என்போம். மேலிருந்து கீழே ஆயிரக்கணக்கான எண்கள் இருக்கும், பக்கவாட்டிலோ இரண்டே இரண்டு கிணறு. கோட்டை மைதானத்தின் இரண்டு மூலையில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு நடுவில் உள்ள மண்ணை எல்லாம் எழுதித் தரச் சொன்னால் எப்படி இருக்கும், அந்த நிலைமை.

எளிய வழி, இரண்டு கிணற்றுக்கும் நடுவே சராசரியாக மாறிப் போவதாக ஒரு கோடு போடுவது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்த டானி கிரிக், பிறகு பிரான்ஸின் ஜார்ஜ் மாத்தரோன் இவர்கள் வழியாக இந்தக் கோட்டை நன்றாக, கணக்குச் சுத்தமாகப் போடும் முறை வந்தது, கிரிகிங் என்று அதற்குப் பெயர். அருமையான முறைதான், நானே நிறைய பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அதில் கிடைக்கும் படம் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வழவழப்பாக இருக்கும். பாறை அப்படி இருக்காது.

வழவழப்பாக இருந்தால் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். வயலில் தண்ணீர் கட்டியவர்களைக் கேளுங்கள். வரப்பின் சராசரி உயரம் முக்கால் அடி, சராசரி அகலம் ஒரு அடி, எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு நண்டு வளை இருந்தால் விடிவதற்குள் தண்ணீர் முழுக்கப் பக்கத்து வயலுக்குப் போயிருக்கும். சராசரிக்கு நண்டு வளை தெரியாது. எண்ணெய் வயலிலும் இதேதான் நடக்கிறது. ஒரு கிணற்றில் தண்ணீரை அழுத்தி உள்ளே செலுத்தி எண்ணெயை அடுத்த கிணற்றுப் பக்கம் தள்ளுவார்கள். நடுவே வழி அதிகமுள்ள ஒரு மெல்லிய அடுக்கு நீளமாக ஓடினால் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு நேராக வந்து சேர்ந்துவிடும், மற்ற அடுக்குகளில் எண்ணெய் அப்படியே நிற்கும். கணக்காகவும் பாருங்கள்: ஒரே கனமுள்ள இரண்டு அடுக்கு, ஒன்றின் ஊடுருவு திறன் 1000 மில்லிடார்சி, மற்றதற்கு 1. அடுக்கை ஒட்டிப் போகிற நீருக்குச் சராசரி ஏறக்குறைய 500. அடுக்கைக் குறுக்கே வெட்டிப் போகிற நீருக்கு வெறும் 2. அதே பாறைதான், எந்தத் திசையில் போகிறது என்பதே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. ஆக, நமக்கு வேண்டியது பாறையின் சொரசொரப்பும், அந்தச் சொரசொரப்பு எவ்வளவு தூரம் தொடர்கிறது என்பதும்.

கடற்கரை இங்கேதான் வருகிறது. நீளமான அளவுகோலால் அளந்தால் ஒரு நீளம், சின்ன அளவுகோலால் அளந்தால் சின்னச் சின்ன வளைவும் சேர்ந்து அதைவிட அதிக நீளம். லூயிஸ் ரிச்சர்ட்சன் இதைக் கவனித்து எழுதி வைத்திருந்தார், 1967-இல் பெனுவா மாண்டல்பிராட் அதை எடுத்து, பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். நீளம் அளவுகோலைப் பொறுத்து மாறுகிறது, ஆனால் அது மாறும் விதம் மாறுவதில்லை. அந்த விதத்தை ஒரே எண்ணால் சொல்லலாம். இப்படிப்பட்ட வடிவத்துக்குத்தான் ஃபிராக்டல் என்று பெயர். பாறையும் இப்படித்தான். களப்பயணத்தில் பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் சுத்தியலோ நாணயமோ வைக்கச் சொல்வார்களே, ஏன்? வைக்காவிட்டால் படத்தில் இருப்பது ஒரு சாண் கல்லா, முப்பது அடிப் பாறைச்சுவரா என்று சொல்ல முடியாது. செமினாரை இந்தச் சுத்தியலிலிருந்து தொடங்குங்கள், எல்லோருக்கும் உடனே புரியும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோலத்தில் சிலவற்றைப் பெரிதாக்கப் பெரிதாக்க அதே வடிவம் அச்சு அசலாகத் திரும்ப வரும். கிருஷ்ணர் கொலுசு என்கிற கோலத்தை வைத்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் எழுபதுகளிலேயே கணினி இலக்கணம் எழுதினார்கள். பாறை அப்படி அச்சாகத் திரும்பாது. அதன் ஏற்ற இறக்கத்தின் புள்ளிவிவரம் மட்டும் திரும்பும்.

1986-இல் தாமஸ் ஹியூவெட் என்பவர் கிணற்று லாகில் இந்தப் புள்ளிவிவரம் தெரிகிறது என்று பெட்ரோலியப் பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில் காட்டினார். அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். கிணற்றில் அளந்த எண்களை அப்படியே நிறுத்திக்கொண்டு, நடுவே உள்ள வெற்றிடத்தைக் கணினியில் குலுக்கல் எண்களை வைத்து அதே சொரசொரப்பு வருமாறு நிரப்பி, அதில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார். இதற்கு முன்னால் படம் அழகாக இருக்க வேண்டும் என்று உழைத்தோம், அதற்குப் பிறகுதான் படம் பாறை மாதிரி இருக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினோம்.

ஹர்ஸ்ட் எண் என்று ஒன்று சொல்கிறார்களே, அதைக் கையால் கணக்கிட முடியுமா? நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், சூத்திரம் எழுதினால் பயப்பட மாட்டேன். (வாலாஜாபேட்டை)

தாராளமாக முடியும் சார். பாறையின் ஏற்ற இறக்கம் எப்படித் தொடர்கிறது என்று சொல்லும் இந்த எண் முதலில் பாறையிலிருந்து வரவில்லை, ஆற்றிலிருந்து வந்தது. ஹரால்டு ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் எகிப்தில் நைல் நதியோடே வாழ்நாளைக் கழித்தவர். நல்ல வருஷத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கெட்ட வருஷத்துக்குக் கொடுக்க எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் வேண்டும் என்பது அவர் கேள்வி. கெய்ரோவில் ரோடா தீவில் கி.பி. 622-இல் தொடங்கும் வெள்ள அளவுக் குறிப்புகள் பல நூறு ஆண்டுகளுக்கு இருக்கின்றன, அப்படி ஒரு புதையல் நம் பாலாற்றுக்கு இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கம்.

முறை இதுதான். எண்களின் வரிசையை எடுங்கள், சராசரியைக் கழியுங்கள். மிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். அந்தக் கூட்டுத்தொகை தொட்ட உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் R. முதலில் எடுத்த எண் வரிசையின் திட்ட விலக்கம் S. R-ஐ S-ஆல் வகுத்தால் ஒரு எண். வரிசையின் நீளத்தை 10, 20, 50, 100 என்று மாற்றி மாற்றி இதைச் செய்து, இரண்டு பக்கமும் மடக்கை எடுத்து வரைபடத்தில் குறித்தால் ஏறக்குறைய நேர்கோடு வரும், அதன் சாய்வுதான் H. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எண்கள் என்றால் சாய்வு 0.5. ஹர்ஸ்ட் 1951-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆறு, மழை, மர வளையம், ஏரிச் சேறு என்று எதைப் பார்த்தாலும் சராசரியாக 0.73-க்குப் பக்கத்தில் வந்தது. நூறு வருஷத்துக்கு R/S போட்டால் குலுக்கல் எண்களுக்குச் சுமார் 12.5, ஹர்ஸ்டின் சூத்திரப்படி சுமார் 17.4. அதாவது அணை ஏறக்குறைய நாற்பது சதவீதம் பெரிதாக வேண்டும். நல்ல வருஷம் வந்தால் நல்ல வருஷங்களாகவே வருகின்றன, பஞ்சம் வந்தால் பஞ்சமாகவே நீள்கிறது. பைபிளில் ஏழு வருஷம் வளம் ஏழு வருஷம் பஞ்சம் என்று யோசேப்பு சொல்வாரே, அதை நினைத்து மாண்டல்பிராட் இதற்கு யோசேப்பு விளைவு என்றே பெயர் வைத்தார்.

பாறை என்பது ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட வண்டல் அடுக்கு. ஒரு வெள்ளத்தில் ஒரு விரற்கடை, ஆறு தடம் மாறினால் சில அடி, கடல்மட்டம் ஏறி இறங்கினால் நூற்றுக்கணக்கான அடி, சிறியதும் பெரியதுமாக ஒன்றன்மேல் ஒன்று. அதனால் லாகிலும் அதே குணம், H பல சமயம் 0.7-லிருந்து 0.9 வரை வரும். நல்ல மணற்பாறை வந்தால் அடுத்த அடியிலும் நல்லதே வரும் வாய்ப்பு அதிகம், அந்த உறவு மெலிந்து மெலிந்து ரொம்ப ஆழத்துக்கும் நீளும்.

இதன் விளைவைக் கணக்கு ஆசிரியரான நீங்கள் ரசிப்பீர்கள். தொடர்பில்லாத 100 அளவுகளின் சராசரி எடுத்தால் பிழை பத்தில் ஒன்றாகக் குறையும், பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். H 0.8 என்றால் அதே 100 அளவுக்குப் பிழை பத்தில் நான்காகத்தான் குறையும். பத்தில் ஒன்றாக்க ஒரு லட்சம் அளவுகள் வேண்டும்! நிறைய அளந்துவிட்டோம் என்ற தைரியத்தில் எத்தனை அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டோம் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

வேலூர் மாவட்டத்தில் பெட்ரோல் கிடைக்குமா? (ஆம்பூர்)

கிடைக்காது. நம் காலுக்குக் கீழே இருப்பது சார்னோகைட்டும் நைஸும், மிகப் பழைய படிகப் பாறைகள், எண்ணெய் உருவாகத் தேவையான கனத்த வண்டல் படுகை இங்கே இல்லை. நம் மாநிலத்தில் காவிரிப் படுகையில் நரிமணம் பக்கம் இருக்கிறது. கருங்கல்லில் எண்ணெயே தங்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், வியட்நாமில் பாக் ஹோ என்ற வயலில் விரிசல் விட்ட கிரானைட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆனால் அங்கேயும் எண்ணெய் பக்கத்து வண்டலில் பிறந்து விரிசலுக்குள் வந்து சேர்ந்தது.

நான் ஐ.டி.யில் இருக்கிறேன். நடுவில் இருப்பதைக் கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டு நிரப்புகிறது என்றால் அது வெறும் யூகம்தானே? நூறு படம் வரைந்தால் எது நிஜம்? (சத்துவாச்சாரி)

எதுவும் நிஜம் இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே கிடையாது. நூறு படமும் கிணற்றில் அளந்த எண்ணோடு பொருந்தும், நூறிலும் சொரசொரப்பு ஒன்றுதான், ஆனால் நடுவில் எந்த அடுக்கு எங்கே நெளிகிறது என்பதில் ஒவ்வொன்றும் வேறு. நூறிலும் தண்ணீரை ஓடவிட்டால் சிலவற்றில் இரண்டு வருஷத்தில் வந்து சேரும், சிலவற்றில் எட்டு வருஷம் ஆகும். அந்த இடைவெளிதான் பதில். எவ்வளவு தெரியாது என்பதை அளவோடு சொல்வது அது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் வடக்கே ஒரு வயலில் நான் இருந்த குழு ஒரே ஒரு வழவழப்பான படத்தை வைத்து நீர் செலுத்தும் திட்டம் போட்டது. அடுக்குகளின் சராசரியைக் கணக்கிட்டவன் நான். தண்ணீர் வந்து சேர நாங்கள் சொன்ன காலத்தில் பாதிகூட ஆகவில்லை, கிணற்றில் எண்ணெயைவிடத் தண்ணீர் அதிகமாக வரத் தொடங்கிவிட்டது. லாகைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், மூன்றடி கனத்தில் ஒரு அடுக்கு, இரண்டு கிணற்றிலும் தெளிவாக நின்றது, சராசரியில் நானே அதைக் கரைத்திருந்தேன். மேலே உள்ளவர்கள் கேட்டது ஒரு எண், நாங்கள் கொடுத்ததும் ஒரு எண். அன்றைக்கு ஒரு எண்ணுக்குப் பதில் ஒரு வீச்சைக் கொடுத்திருந்தால் இரண்டு கிணற்றின் இடத்தையாவது மாற்றியிருப்பார்கள்.

இந்த முறை எங்கே தோற்கும்? புத்தகங்களில் நல்லதை மட்டுமே எழுதுகிறார்கள். (மாணவர், திருப்பத்தூர்)

சரியான கேள்வி. முதலில், H-ஐ நம்பிக்கையோடு சொல்ல நிறைய எண்கள் வேண்டும். ஐம்பது அறுபது எண்களை வைத்துக்கொண்டு R/S போட்டால் குலுக்கல் எண்ணுக்கே 0.5-க்கு மேல் வரும். ஆழம் போகப் போக நுண்துளை தானாகவே குறையும் போக்கு ஒன்று உண்டு, அதைக் கழிக்காமல் கணக்கிட்டால் பொய்யாக உயர்ந்த H கிடைக்கும்.

அடுத்தது பெரியது. மேலிருந்து கீழாக அளந்த H-ஐப் பக்கவாட்டுக்கும் வைத்துக்கொள்வது ஒரு துணிவு, அதைப் பக்கத்து வயலின் அனுபவமோ, தரைக்கு மேலே தெரியும் பாறையோ உறுதி செய்ய வேண்டும். அப்புறம் பாறை சில இடத்தில் மெல்ல மாறாது, குதிக்கும்: களிமண் அடுக்கு முடிந்து சட்டென்று மணல். பாலாறு வருஷக்கணக்கில் வறண்டு கிடந்துவிட்டு 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடியது போல. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன வெள்ளத்தை இன்றும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இத்தகைய குதிப்பை, பைபிளில் வரும் நோவா காலத்துப் பெருவெள்ளத்தை நினைத்து, மாண்டல்பிராட் நோவா விளைவு என்றார். எண்கள் சராசரியைச் சுற்றியே குவியும் மணி வடிவ வளைகோட்டில் இது அடங்காது. 1994-இல் பெயின்டர், பேட்டர்சன் இருவரும் மணி வளைகோட்டுக்குப் பதிலாக பெரிய குதிப்புகளுக்கும் இடம் கொடுக்கும் லெவி பரவலை வைத்துப் பாறை லாகைப் பொருத்திக் காட்டினார்கள், குதிப்புகள் அதில் நன்றாக வந்தன. பழைய ஆற்றின் வளைந்த தடமே மணற்பாறையாகிக் கிடக்கிறது என்றால், அந்த வளைவை ஃபிராக்டல் தானாக வரைந்து தராது. அதற்கு ஜியாலஜி தெரிந்தவர் முதலில் தடத்தை வரைய வேண்டும், அதற்குள் நிரப்பத்தான் இந்தக் கணக்கு. ஜியாலஜி தெரியாமல் H மட்டும் தெரிந்தவர்களை வேலைக்கு வைக்கிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

என் நிலத்தில் 850 அடி போர் போட்டேன், புழுதிதான் பறந்தது. அறுபது அடி தள்ளிப் பக்கத்து நிலத்துக்காரருக்கு 300 அடியில் ரெண்டு இஞ்ச் தண்ணீர். உங்கள் கணக்கு இதற்கு ஏதாவது சொல்லுமா ஐயா? (விவசாயி, குடியாத்தம்)

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 850 அடிக்கு ஆன செலவு என்ன என்று எனக்குத் தெரியும்.

நம் ஊர்க் கல்லில் மணற்பாறை மாதிரி துளை கிடையாது, தண்ணீர் விரிசலில்தான் ஓடுகிறது. விரிசல்களின் நீளத்தை அளந்து பார்த்த பல இடங்களில் ஒரு ஒழுங்கு தெரிகிறது: சின்ன விரிசல் எக்கச்சக்கம், நடுத்தரம் கொஞ்சம், பெரியது ரொம்ப அரிது, எந்த அளவில் பார்த்தாலும் இதே விகிதம். சின்னவை ஒன்றோடொன்று சேராமல் நின்றுவிடும், தண்ணீர் கொண்டுவருவது அந்த அரிதான பெரியவை. அறுபது அடி தள்ளி அவருக்கு ஒன்று மாட்டியது, உங்களுக்கு மாட்டவில்லை. நீங்கள் ஏதோ தப்பாகச் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம், ராசி இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

ஆனால் இந்தக் கணக்கு, இங்கே போடு என்று விரலை நீட்டிக் காட்டாது. அப்படிக் காட்டும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கணக்கு சொல்வது வேறு: ஆழம் போகப் போகப் பாறையின் எடையில் விரிசல்கள் பெரும்பாலும் இறுகிவிடும், அதனால் 850-ஐ ஆயிரமாக்குவதைவிட, தரைக்குள் மின்சாரம் செலுத்தி மின்தடை அளவு எடுத்துப் பார்த்து வேறு இடத்தில் போடுவது பெரும்பாலும் நல்லது.

இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்து உங்கள் ஊரில் யார் போர் போட்டாலும், ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் வரும் பாறைத்தூளில் ஒரு பிடி எடுத்துக் கவரில் போட்டு, எத்தனையாவது அடி என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஊற்றுக்கண் தட்டுப்பட்ட ஆழம், எத்தனை இஞ்ச் தண்ணீர், இரண்டையும் ஒரு நோட்டில் குறியுங்கள். வறண்டு போன போரையும் கட்டாயம் எழுதுங்கள், வெட்கப்பட்டு அதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் அதிகம் வேண்டும். முப்பது நாற்பது போர் சேர்ந்தவுடன் நோட்டை இதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள், நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.